உடைக்க இருந்த சன்னல்

பிள்ளைகளே, விட்பி நகரிலிருந்து வந்த ரயிலில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பழைய தேவாலயம் ஒன்றைக் கோவிலுக்கென்று வாங்கியிருந்தார்களாம்.

“பிள்ளையார் கிழக்கைப் பாத்துத்தான் இருக்கவேணும். அவருக்கு நேரை வாசலும் வேணும். இண்டைக்கு ஒன்பது மணிக்கு வேலையாக்கள் கிழக்குச் சுவரை உடைக்கினம்,” என்றார் கணவர்.

“அந்தக் கலர்க் கண்ணாடிச் சன்னலோடையோ?” என்று கேட்டார் மனைவி.

“வேறை என்ன வழி?”

“சைப்பிரஸிலை பாத்த பள்ளிவாசல் ஞாபகமிருக்கே? முந்தி அது கிறிஸ்தவப் பெருங்கோவில். கூரான வளைவுகள், கல்லிலை பின்னின மாதிரிச் சன்னல். துருக்கியர் சிலையளை எடுத்து, உள்ளுக்கு வெள்ளையடிச்சு, மேலை மினாரும் கட்டினவை. தொழவேண்டிய மக்கா வேறை பக்கமெண்டு சுவரை இடிச்சவையே? கம்பளத்தைத்தான் சரிச்சு விரிச்சவை.”

“அவை சண்டைபிடிச்சு எடுத்தவை. நாங்கள் வாங்கினனாங்கள். எங்கடை சுவர்!”

“பிடிச்சவையே இடிக்கேல்லை. வாங்கின உங்களுக்கு ஏன் சுத்தியல்?”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. மணி எட்டரை.

“அப்ப சனம் எதாலை வாறது?” என்று கத்தினார் கணவர்.

“பக்கக் கதவாலை வரட்டும். உள்ளுக்கு வந்து ஒருக்காத் திரும்பினால் ஒருத்தருக்கும் கால் உளுக்காது.”

இரண்டு ஸ்டேஷன் போனதும் கணவர் மணியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“தம்பி, சுவரிலை கை வைக்காதேங்கோ. என்ன, தொடங்கிட்டியளோ?”

மனைவி எழுந்தே விட்டார்.

“ஓ, சன்னலுக்குப் பலகை மட்டுமோ அடிச்சனீங்கள்? அதைக் கழட்டுங்கோ. பிள்ளையார் சன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும்.”