கல்கல் சீப்பு

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தலையில ஒரு முடி கிடையாது. ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தா புதுச் சீப்பு வாங்கிடுவாரு" என்றார் மூத்தவர்.

"சீப்பா? எதுக்குக்கா?"

"கல்கல் செய்யத்தான். இனிப்பு மாவைத் துளி எடுத்துச் சீப்புல அழுத்திச் சுருட்டுவாரு, வரிவரியா விழும். பொரிக்கிறது நான். போன வருஷம் சிறுசேரில வேலை பாக்குற மருமக, 'முள்கரண்டில சீக்கிரம் முடிச்சிரலாம் மாமா'ன்னா. மனுஷன் அன்னிக்கு டீகூடக் குடிக்கல."

"அய்யய்யோ. அப்புறம்?"

"இந்த வருஷம் அவளே ரெண்டு சீப்பு வாங்கிட்டு வந்துட்டா. மாமனாரும் மருமகளும் போட்டி போட்டுச் சுருட்டுறாங்க."

பல்லாவரத்தில் சீப்பு, ஊக்கு விற்பவர் ஏறினார். இளையவர் ஒரு சீப்பு வாங்கினார்.

"உனக்கேதும்மா கிறிஸ்துமஸ்?"

"பொங்கலுக்குச் செய்யறேன்க்கா. எங்க வீட்டுக்காரருக்குத் தலை நிறைய முடி. சமையக்கட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியல."