அக்கா போய்வந்த நேர்காணல்

தம்பி: முழிச்சுத்தான் இருக்கேன் அக்கா. சொல்லு... எப்படிப் போச்சு?

அக்கா: முதல்ல வலி எப்படி இருக்கு, அதைச் சொல்லுடா.

தம்பி: காலையிலதான் வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்காங்க. சிரிக்க வைக்காம இருந்தா போதும். பேச்சை மாத்தாத... இன்டர்வியூ?

அக்கா: ம்... நல்லாத்தான் போச்சு.

தம்பி: அவ்வளவுதானா? இத்தனை வருஷம் இன்ஜினியரா குப்பை கொட்டிட்டு, இன்னைக்கு அதே கம்பெனியில பிசினஸ் ஹெட் நாற்காலிக்கு நின்னுட்டு வந்திருக்க. 'நல்லாத்தான் போச்சு'ன்னு முடிச்சுட்டா எப்படி?

அக்கா: நீ தூங்கு. அதிகம் பேச விட வேண்டாம்னார் டாக்டர். கட்டியை முழுசா எடுத்தாச்சாம், வேற எங்கயும் பரவலையாம்...

தம்பி: டாக்டரை எப்பப் பார்த்த? நீ இப்பத்தானே ஆபீஸ்லேர்ந்து நேரா வர்ற?

அக்கா: போன்ல... போன்ல கேட்டேன்.

தம்பி: ஓ... போன்ல. சரி, அது என்ன கோட்டு முதுகுல, புள்ளி புள்ளியா அச்சு விழுந்திருக்கு?

அக்கா: அங்க நாற்காலி அப்படி.

தம்பி: தலைமை ஆபீஸ்ல ஓட்டை போட்ட இரும்பு பெஞ்சா வெச்சிருக்காங்க?

அக்கா: ஏண்டா நோண்டுற...

தம்பி: நோண்டல, நோண்டல. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்க?

அக்கா: மூணு பேர். எம்.டி. மேடம், நிதிப் பிரிவுக்காரர், இன்னொருத்தர்... கண்ணாடி போட்டவர்.

தம்பி: காபி கொடுத்தாங்களா?

அக்கா: கொடுத்தாங்க. குடிச்சேன்.

தம்பி: நீயா? காபி வாசனை வந்தாலே எழுந்து போயிடுவியே.

அக்கா: மரியாதைக்குக் குடிச்சேன்டா.

தம்பி: நல்ல மரியாதை. முதல்ல என்ன கேட்டாங்க?

அக்கா: 'நீங்க மெஷின்கூடப் பேசிப் பழகினவங்க. வியாபாரத்தை எப்படி நடத்துவீங்க'ன்னு... அந்த டயாலிசிஸ் சென்டர் விஷயத்தைச் சொன்னேன்.

தம்பி: எனக்குச் சொன்னதே இல்லையே. அவங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. நான்தான் கண்ணாடி போட்டவர்னு வெச்சுக்கோ.

அக்கா: கண்ணாடி போட்டவர் இப்படி மூக்குல டியூபோட இருக்க மாட்டார்.

தம்பி: சிரிக்க வைக்காதன்னு சொன்னேன்ல... ஸ்... சொல்லு.

அக்கா: அவங்களுக்கு ஊர் முழுக்கக் கிளை. ஒவ்வொரு கிளையிலயும் நோயாளிங்க விவரம் தனித்தனியாக் கிடந்துச்சு. நான்தான் எல்லாத்தையும் ஒண்ணா கிளவுட்ல கொண்டுவந்து சேர்த்தேன். வேகம்னா அப்படியொரு வேகம். என் முதுகை நானே தட்டிக்கலாம் போல இருந்துச்சு.

தம்பி: அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன... அடுத்த வருஷம் எங்க சர்வீஸே வேண்டாம்னுட்டாங்க. சேல்ஸ்காரங்க விலையைக் குறைச்சுப் பார்க்கலாம்னாங்க. நான் பேசாம ஒரு கிளைக்குப் போய், வரவேற்பு மேஜைப் பக்கத்துல நாள் பூரா உட்கார்ந்துட்டேன்.

தம்பி: உட்கார்றதுல நீ கெட்டிக்காரிதான்.

அக்கா: என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

அக்கா: ஒரு அம்மா வந்தாங்க. வாசல்ல பேரு, வயசு, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எல்லாம் சொன்னாங்க. உள்ள போனா நர்ஸ் அதையே கேட்டாங்க. அப்புறம் டெக்னீஷியனும் அதையே கேட்டார். அந்தம்மா பதிலே சொல்லல... கண்ணை மூடிட்டாங்க. அவங்க சொன்னது பூரா என் சிஸ்டத்துல இருக்குடா. கேட்டா நொடியில வந்து நிக்கும். ஆனா அதை அந்த டெக்னீஷியன் முன்னாடி கொண்டுபோய் வைக்கணும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல.

தம்பி: ம்...

அக்கா: நாங்க எங்க வேகத்தைப் பத்தியே பேசிட்டு இருந்திருக்கோம். வந்தவங்க ஒரு தடவை சொன்னா போதும், அதுதான் அவங்களுக்கு வேண்டியிருந்துச்சு. திரும்பி வந்து அதைச் செஞ்சு காட்டினேன். போறேன்னவங்க இருந்துட்டாங்க. அதுக்கப்புறம் சேல்ஸ்காரங்க எந்த கஸ்டமரைப் பார்க்கப் போனாலும் என்னையும் இழுத்துட்டுப் போக ஆரம்பிச்சாங்க. எங்க டீம்ல 'கட்சி மாறிட்டா'ன்னு கிண்டல்.

தம்பி: கண்ணாடிக்காரர் அதை விட்டிருக்க மாட்டாரே. 'உங்க பழைய டீம் முடியாதுங்குது, கஸ்டமர் வேணும்கிறார், நீங்க யார் பக்கம்?'

அக்கா: அதேதான் கேட்டார்... ராத்திரி சர்வர் படுத்துடுச்சுன்னா எழுந்து ஓடப் போறது அந்தப் பசங்கதான். நானும் ஓடியிருக்கேன். அதனால முடியாததை விக்க மாட்டேன்னு சொன்னேன். முடியும்னு தெரிஞ்சா பசங்களையும் விட மாட்டேன்.

தம்பி: பலே. பயமா இல்லையா உனக்கு?

அக்கா: இருக்குடா. புரோகிராம் எழுதினா ஓடுதா இல்லையான்னு உடனே தெரிஞ்சிடும். மனுஷங்க விஷயத்துல தப்பு பண்ணினா எப்பத் தெரியும்னே தெரியாது. ஆனாலும் வேணும்னுதான் இருக்கு... அந்தம்மா கண்ணை மூடினது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

தம்பி: இதையும் சொன்னியா அவங்ககிட்ட?

அக்கா: ...சொன்னேன்.

தம்பி: நானா இருந்தா அப்பவே நாற்காலியைத் தூக்கிக் கொடுத்திருப்பேன்.

நர்ஸ்: பேசினது போதும் சார், காய்ச்சல் பார்க்கணும். மேடம், நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா? காலையிலேர்ந்து...

தம்பி: ஆபீஸ்ல காபி கொடுத்தாங்களாம் சிஸ்டர்.

நர்ஸ்: ஆபீஸ்லயா? ஓ... சரி சரி. காய்ச்சல் இல்ல. கொஞ்ச நேரத்துல திரும்ப வர்றேன்.

தம்பி: எதுக்கு அவங்களை முறைக்கிற?

அக்கா: நான் எங்கடா முறைச்சேன்...

தம்பி: கடைசியா என்ன கேட்டாங்க?

அக்கா: கடைசியா... வீட்டுல ஒருத்தருக்கு ரொம்ப முடியாமப் போகுது. அதே நாள் ஆபீஸ்ல பெரிய வேலை. என்ன பண்ணுவீங்கன்னு.

தம்பி: இப்படியெல்லாமா கேப்பாங்க?

அக்கா: கேட்டாங்க.

தம்பி: நீ?

அக்கா: அன்னைக்கு என்னால வேற எங்கயும் இருக்க முடியாதுன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தனியாப் படுத்திருக்கும்போது...

தம்பி: அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அழாத. நீ அழுதா எனக்குத் தையல் இழுக்குது.

அக்கா: யார் அழுதா... நான் போகலடா. போயே தீருவேன்னு உன் கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, கார் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன். அவங்க வேற யாரையாவது போட்டுக்கட்டும். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

தம்பி: தெரியும்க்கா. கண்ணு முழிச்சதுமே சிஸ்டர் சொல்லிட்டாங்க, 'உங்க அக்கா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்ல'ன்னு. மதியம் உன் எம்.டி. மேடம், உன் போன் அணைஞ்சு கிடக்குன்னு என் போனுக்கு அடிச்சாங்க. நீ எங்க இருக்கேன்னு கேட்டாங்க, சொல்லிட்டேன். நாளன்னைக்கு உனக்காக மறுபடியும் கூடறாங்களாம்... அஞ்சு பேராம், மூணு இல்ல. இப்ப என்கிட்டச் சொன்னதை அப்படியே போய்ச் சொல்லு. அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவங்க கேக்க மாட்டாங்க... பதில் தெரிஞ்சுதான் மறுபடி கூப்பிடுறாங்க.