கண்ணாடியின் முதுகு

தரை ஈரமாக இருந்தால் தூசி கிளம்பிப் பெயின்டில் ஒட்டாது. படக் கண்ணாடி பட்டறையை விட்டுப் போகிறவரை என் அக்கா தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். செருப்பையும் வாசலிலேயே விட்டுவிடுவாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா, உங்கள் விசாரணைக்குத் தேவைப்படும்.

எங்கள் தொழில் பழைய பின்பால் மெஷின்களைச் சரிசெய்வது. இரும்புக் குண்டு உருண்டோடுகிற மேசை, அதன் தலையில் விளக்கெரியும் ஒரு படக் கண்ணாடி. மேசைக்குள் இருக்கிற ஒயர், காயில், ஸ்பிரிங் எல்லாம் என் பாடு. கண்ணாடி அக்காவுடையது. பழைய படம் உதிர்ந்துபோனாலும் சலித்துப்போனாலும், மாற்றிப் பொருத்த வேறு படம் வரைந்து கொடுப்பாள். வருகிறவர்கள் அதன் முன்னால் வாயைப் பிளந்து நிற்பார்கள். நான் மேசைக்கு அடியில் கிடப்பேன். கீழே கிடப்பது யார் என்று ஒருவர் கேட்டால், அவங்க தம்பி என்பார் இன்னொருவர். அதில் பொய் ஒன்றுமில்லை. அப்பா அம்மா போனபிறகு, தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளாமல் என்னை வளர்த்தவள் அவள். நன்றியைத் தின்று தின்று எனக்கு அஜீரணம் வந்துவிட்டது.

கடைசியாக வந்தது ஒரு டாக்டரின் மெஷின். அதன் பழைய படத்தில் சர்க்கஸ் சிங்கம். மாற்றுப் படத்துக்கு அக்கா ஒரு கப்பலை எடுத்துக்கொண்டாள். பென்சிலால் போட்டுப் பார்த்த தாளில், சுக்கான் பிடித்து நிற்கிறவனுக்கு என் மூக்கு, என் வழுக்கை.

"கப்பல ஓட்றது நீதான்டா," என்றாள்.

சிரித்துவைத்தேன். பிச்சை போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

விளக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் அவள் கை கழுவப் போனபோது பட்டறைக்குள் போனேன். கண்ணாடி முதுகைக் காட்டிச் சாய்ந்திருந்தது. சுக்கான்காரன் நிற்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பெயின்ட் அப்பியிருந்தது. என்னை அழித்துவிட்டாள் என்று தோன்றியது. அந்த ஆத்திரத்தில்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

செய்தது இதுதான். மெஷினின் எர்த் ஒயரைக் கழற்றி, முன்பக்க இரும்புச் சட்டத்தில் கரண்ட் ஏற வைத்தேன். ஈரத் தரையில், வெறுங்காலோடு, அந்தச் சட்டத்தில் கை ஊன்றித்தான் அவள் எப்போதும் படம் பார்ப்பாள்.

"மாட்டி லைட் போட்டுப் பாருக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். மெயினை அணைத்தபிறகுதான் உள்ளே போனேன். ஒயரைப் பழையபடி மாட்டினேன். தலை நிமிர்ந்து படத்தைப் பார்க்கவில்லை. பழைய மெஷின், விபத்து என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். அன்று நான் அழுதது நடிப்பில்லை ஐயா. அதைச் சொல்லத்தான் இப்போது இன்னும் கூசுகிறது.

போன வாரம் டாக்டர் கூப்பிட்டு, விளக்கைப் போட்டுக் காட்டினார். சுக்கானைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், ராஜா மாதிரி. என் காலடியில் சின்னதாக ஒருத்தி, கப்பல் தளத்தில் வாளித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்க மேல உயிரையே வெச்சிருந்தாங்க போல," என்றார் டாக்டர்.

கண்ணாடிப் படத்தைப் பின்னாலிருந்து வரைவார்கள். முகம்தான் முதலில். மற்ற நிறங்கள் அதன்மேல் ஏறும். எந்த இடம் உதிரவே கூடாதோ, அங்கே கடைசிக் கறுப்புப் பூச்சைக் கனமாகப் பூசுவாள் அக்கா. முதுகைப் பார்த்துப் படத்தை எடைபோடாதே என்று எனக்குச் சொல்லித்தந்ததே அவள்தான். ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். எனக்குத் திருப்பப் பயமாக இருந்தது. எர்த் ஒயரை நான் அன்று காலையிலேயே கழற்றிவிட்டிருந்தேன்.