சுவத்தை விட்டுட்டேன்

தேவாரம் பஸ் சின்னமனூரை விட்டுக் கிளம்பியதும், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "மதினி, நேத்து சுவத்தை விட்டுட்டேன்" என்றாள்.

"எந்தச் சுவத்தை?"

"எங்க வீட்டுச் சுவத்தைத்தான். ஏலக்காத் தோட்டத்து ஜீப்புல இருந்து விழுந்து முட்டி ஒடைஞ்சதுல்ல, கட்டுப் பிரிச்சப்ப கால் குச்சியா இருந்துச்சு. சுவத்துல கை வச்சு, முதுகு வளையாம, முட்டிய மெதுவா மடக்கி நிமிரணும்னு ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற அம்மா சொல்லிக் குடுத்தாக."

"செஞ்சியா?"

"விடாம செஞ்சேன். கால்ல தெம்பே வரல. இனி மலை வேலைக்குப் போக முடியாதுன்னு நெனச்சேன். போய்ச் செஞ்சு காட்டினா, அந்தம்மா சிரிக்கிறாக. 'பாரத்தையெல்லாம் கையில போட்டுட்டீங்க, கைதான் பலமாயிருக்கு. சுவத்துல விரல் மட்டும் படட்டும்'னாக."

அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பெறகு?"

"விரல் மட்டும் வச்சுப் பழகினேன். நேத்து அதையும் எடுத்துட்டேன். கால் நடுங்குது, ஆனா நிக்குது மதினி. நான் விழுந்தா உக்காரட்டும்னு வீட்டுக்காரரு பின்னால நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. மடக்கி நிமிந்து திரும்பிப் பாத்தா, அதுல அவுக உக்காந்திருக்காக."

"அழுதாகளா?"

"அழுகல. ஒரு காபி போட்டுத் தாறியான்னு கேட்டாக. நான் விழுந்ததுல இருந்து அவுகதான் எனக்குப் போட்டுக் குடுத்தாக."

"குடுத்தியா?"

"எதையும் பிடிக்காம நின்னு போட்டுக் குடுத்தேன்."