எண்ணிக்கையில் சேராத வருகை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பினாங்கு சமூக ஆய்வு நடுவத்தின் தலைவர் டாக்டர் யுகேந்திரன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரமணியின் தம்பி தயாளன் அவர்களே! ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு இந்த மாடி ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நண்பர்களே! நடுவத்தின் கௌரவச் செயலாளர் ஷேக் அலாவுதீனின் பணிவான வணக்கம்.

ஐம்பது நாற்காலி போடச் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர் இருக்கிறோம். ரமணி இருந்திருந்தால் உடனே கேட்டிருப்பார்: "மேடையில இருக்கிறவங்கள சேத்தா, சேக்காமயாண்ணே?" சேர்த்துத்தான் அம்மா. சேர்த்தும் பத்தொன்பதுதான்.

நூலகர் செல்வி ரமணி அய்யாக்கண்ணு! இருபத்தாறு ஆண்டுகள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, மாலை ஃபெரியில் திரும்பிப் போனவர். அவர் என்ன வேலை செய்தார்? உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அது உங்கள் குற்றமல்ல. பக்கத்து மேசையில் இருந்த எனக்கே புரிய ஆறு ஆண்டு ஆயிற்று. நான்தான் கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நடுவத்தின் இணையதளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. மூலப் பட்டியல் என்று பெயர். மக்கள் தொகை, தொழிலாளர், சமூகக் கொள்கை என்று மூன்று தலைப்பு. உலகத்தில் எந்த அலுவலகம், எந்தப் பல்கலைக்கழகம் இவற்றைப் பற்றிய ஆவணங்களை இணையத்தில் வைத்திருந்தாலும் அதற்குப் போகும் வழி அங்கே இருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் அவரே எழுதிய ஒரு குறிப்பு. "இந்த அட்டவணையில் தொழிலாளி என்றால் வீட்டு வேலை செய்கிறவர் சேரமாட்டார், கவனம்." "இந்தப் பக்கம் மெதுவாகத் திறக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்." இப்படி எழுத யாருக்கு மனம் வரும்?

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு உட்காருவார். நானூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். திறக்காததை அழிக்கமாட்டார். அதன் பக்கத்தில், கடைசியாகத் திறந்த தேதியைப் போடுவார். "செத்த லிங்க்க ஏம்மா வெச்சிருக்க? தூக்கிரேன்" என்றேன் ஒரு நாள். "அத நம்பி யாராச்சும் எங்கயாச்சும் எழுதியிருப்பாங்கண்ணே. அது இருந்துச்சுன்னு சொல்ல ஒரு எடம் வேணும்லா" என்றார்.

அந்த யாராவது ஒருவர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பைராம் தோட்டத்தில் பிறந்த பிரமிளா, இன்று விரிவுரையாளர். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன பெண்களைப் பற்றி ஆய்வு எழுதினார். தேர்வாளர் அவர் காட்டிய அட்டவணையைத் தேடினார், பக்கம் திறக்கவில்லை. அப்படி ஒரு அட்டவணையே கிடையாது, இட்டுக்கட்டியது என்று எழுதிவிட்டார். பிரமிளா அழுதுகொண்டு இங்கே வந்தார். ரமணி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியாகத் திறந்த தேதியையும், தான் பதிவிறக்கி வைத்திருந்த நகலையும் எடுத்து மேசையில் வைத்தார். "அழுவாத. இது இருக்கு" என்றார். அவ்வளவுதான்! அந்தத் தேதியை வைத்துத்தான் பிரமிளாவுக்குப் பட்டம் கிடைத்தது.

என் கதையையும் கேளுங்கள். முதியோர் நலன் பற்றி அரசுக்கு ஒரு மனு தயாரித்தேன். தனியாக வாழும் முதியவர்கள் நூற்றுக்கு முப்பது பேர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ரமணி படித்துவிட்டு, "முப்பதுக்கு மூலம் எங்கண்ணே?" என்றார். எல்லோரும் எழுதுகிறார்கள் அம்மா என்றேன். அந்த எல்லோரும் யார் என்று தேடப் போனார். ஒரு கட்டுரை இன்னொன்றைக் காட்டியது, அது வேறொன்றைக் காட்டியது. நான்கு நாள் போனது. கடைசியில் நம் நடுவமே வெளியிட்ட பழைய துண்டுப் பிரசுரத்தில் போய் முடிந்தது. அதை எழுதியவர் யார்? அடியேன்! எந்த ஆதாரமும் இல்லாமல், ஓர் அவசரத்தில், குத்துமதிப்பாக நான் போட்ட முப்பது ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நின்றது. "மூலம் கிடைச்சிருச்சுண்ணே, நீங்கதான்" என்றார் ரமணி. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

நண்பர்களே, இனிமேல் சொல்லப் போவது சிரிக்கிற விஷயமல்ல.

அந்தப் பக்கத்துக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. யார் என்று காட்டாது. நேரத்தையும் ஊரையும் காட்டும். ரமணி தன் கணினி அதில் சேராதபடி செய்து வைத்திருந்தார். பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர் தன்னையே எண்ணிக்கொண்டால் அது பொய்க்கணக்கு என்பது அவர் சட்டம். ஒரு காலத்தில் நாளுக்கு முப்பது, நாற்பது பேர் வந்தார்கள். பிறகு குறைந்தது. கேள்வி கேட்டால் கணினியே பதில் எழுதித் தருகிற காலம் வந்தது. "பதில் நல்லாத்தான் சொல்லுது. எங்கேருந்து எடுத்தேன்னு கேட்டா, இல்லாத புத்தகத்துக்கெல்லாம் பேரு சொல்லுதுண்ணே" என்றார். யார் கேட்டோம்?

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு காலை, நான் உள்ளே நுழைந்ததும் சொன்னார்: "நேத்து யாருமே வரலண்ணே. சைபர்." அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும், வீட்டில் தேநீரோடு உட்கார்ந்து, என் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதற்கு அடுத்த நாளும் திறந்தேன். பிறகு அது வழக்கமாயிற்று. "ஒருத்தர் தெனமும் வர்றாருண்ணே, பினாங்குலேருந்துதான்" என்பார் ரமணி. நல்லதும்மா என்பேன்.

சென்ற மாதம் செயற்குழு கூடியது. இந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வதா, மூடுவதா? ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். செயலாளர் என்ற முறையில் எழுந்து, "ஒருவர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒருவர் யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். மூடலாம் என்று ஏழு பேரில் நான்கு கை உயர்ந்தது. நான்காவது கை என்னுடையது.

ஏன் தூக்கினேன்? நானே வருகிறேன், நானே ஏமாற்றுகிறேன், இது எத்தனை நாளைக்கு என்ற சலிப்பு. வேறு காரணம் சொன்னால் அதற்கு மூலம் எங்கே என்று ரமணி கேட்பார்.

இந்த மாத இறுதியோடு பக்கம் மூடப்படும் என்ற கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தவனும் நான்தான். படித்தார், மடித்தார். "சரிங்கண்ணே. திங்கக்கெழம செக் பண்ணட்டுமா, வேணாமா?" என்றார். உன் இஷ்டம் அம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதன் பிறகு இந்த மாடிப்படியை நான் மிதிக்கவில்லை. காலையில் அந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினோராம் நாள் காலை என் கைப்பேசியில் ரமணியின் பெயர் வந்தது. நியாயம் கேட்பாரோ என்று பயந்து எடுக்கவில்லை. அன்று மாலை மாரடைப்பில் போய்விட்டார்.

நேற்று தயாளனைப் பார்க்கப் பட்டர்வொர்த் போனேன். "இது உங்க ஆபீஸ் நோட்டு மாரி இருக்குண்ணே" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஃபெரியில் பிரித்தேன். நாள்வாரியாக வருகைக் கணக்கு. மூன்று ஆண்டுக்கு முந்தைய பக்கத்தில்: "1. காலை 6.40. பினாங்கு. யார்?" சில வாரம் கழித்து: "1. மறுபடியும் 6.40. சுபுஹு முடிகிற நேரம்?" பிறகு வரிசையாகப் பதினான்கு சைபர். கீழே: "அலாவுதீன் அண்ணன் உம்ராவுக்கு மக்கா போயிருக்கிறார்." பதினைந்தாம் நாள்: "1. அண்ணன் வந்துவிட்டார். மூலம் உறுதி."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! எந்த எண்ணையும் மூலம் கேட்காமல் விடாதவர் இதை மட்டும் விட்டுவிடுவாரா? இரண்டாம் முறையும் தேடி என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறார். இந்த முறை சொல்லவில்லை. நான் அவரைத் தனியாக விடக்கூடாது என்று வந்தேன். நான் வருவதை நிறுத்திவிடக்கூடாது என்று அவர் தெரியாதவர் போல இருந்தார். இரண்டு மேசைக்கு நடுவே நான்கடி தூரம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!

கடைசிப் பக்கத்தில் பத்துச் சைபர். பத்தாவதுக்கு எதிரே ஒரு வரி: "அண்ணனுக்கு உடம்புக்கு என்ன? நாளை போன் பண்ண வேண்டும்."

நியாயம் கேட்க அல்ல, நலம் கேட்க அழைத்திருக்கிறார். ஃபெரி கரை தட்டி எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஊழியர் ஒருவர் வந்து மலாயில், வந்து சேர்ந்துவிட்டோம் ஐயா என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

தலைவர் அவர்களே! மாத இறுதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. செயலாளருக்குள்ள உரிமையில் செவ்வாய்க்கிழமை செயற்குழுவைக் கூட்டியிருக்கிறேன். நான்காவது கையை இந்தச் சபையின் முன்னால் இறக்குகிறேன். மூன்று பேர் போதாது. பக்கம் மூடப்படாது.

தயாளன் அவர்களே, உங்கள் அக்காவுக்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? நாளை திங்கட்கிழமை. காலை ஒன்பதரைக்கு அந்த ஜன்னலோர மேசையில் உட்காருவேன். முதல் இணைப்பிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை திறந்து பார்ப்பேன். திறக்காததற்குத் தேதி போடுவேன். என் கண்ணும் கையும் ஒத்துழைக்கிற வரை வாராவாரம் இதைச் செய்வேன் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நாளை முதல் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ரமணியின் சட்டப்படி என் வருகை எண்ணிக்கையில் சேராது. என் கைப்பேசியையும் இன்று காலையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நாளைக் காலை 6.40க்கு அங்கே சைபர்தான் இருக்கும். உங்களில் யாராவது வாருங்கள்.