மூக்கின் உச்சியை விட்டுவைத்தவர்

எந்தத் தகுதியில் பேச வந்தேன் என்றுதானே கேட்டீர்கள், தலைவர் அவர்களே? மருத்துவக் கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்ற தகுதியில். டாக்டர் மெரின் டிரெகர்த்தா கத்தி வைத்த மூக்குக்குச் சொந்தக்காரன் என்ற தகுதியில். அவருடைய இந்த நினைவுக் கூட்டத்தின் மேடைக்கும் சபைக்கும் வணக்கம். பேராசிரியர் லாக்கியருக்கு மட்டும் கிடையாது.

எங்கள் குடும்பத்துக்கே மூளைக்கு அடியில் கட்டி வரும். அப்பாவுக்கு வந்தபோது மூக்கு வழியாகப் போய் எடுத்தவர் லாக்கியர். மண்டையோட்டில் விழுந்த ஓட்டையை மூட, மூக்கின் நடுச்சுவர்த் தோலை உச்சிவரை சூட்டுக்கத்தியால் உரித்தார். வாசனை நரம்பு அந்த உச்சியில்தான் இருக்கிறது. அப்பா பிழைத்தார். ஆனால் ஹியூவன் பள்ளத்தாக்கில் எங்கள் ஆப்பிள் தோட்டத்தில் காட்டுத்தீப் புகை கொட்டகைக்குள் புகுந்தபோது அவருக்குத் தெரியவில்லை. நாய் குரைத்ததால்தான் வெளியே வந்தார். முறையிடப் போனோம். லாக்கியர் அப்பாவைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "உசுரு இருக்குல்ல ரெக்ஸ்? மோப்பம் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அடுத்து எனக்கு வந்தது. டாக்டர் மெரின் எனக்குப் பிடித்த வாசனையைக் கொண்டுவரச் சொன்னார். அழுகல் ஆப்பிள் கொண்டுபோனேன்; எங்கள் கொட்டகை மணப்பதே அப்படித்தான். அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பவர் உட்பட எல்லோரும் அதை முகர்ந்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா? 'பழக்கடை' என்று லாக்கியர் நக்கலடித்தார். டாக்டர் மெரின் சூடில்லாத கத்தியால், உச்சியில் விரலகலம் விட்டு, பொறுமையாக வெட்டினார். ஓட்டையும் அடைபட்டது, வாசனையும் தப்பியது.

மூக்கடைப்பு தீர்ந்ததும் இன்னொரு ஆப்பிளை நீட்டினார்.

"அழுகிப்போச்சு டாக்டர்."

"உன் படிப்பு மாதிரியாடா?"

டாக்டர் மெரினை அடக்கம் செய்வதற்குள், அவர் நடத்திவந்த வாசனைச் சோதனை அறையை லாக்கியர் பூட்டிவிட்டார். சோதனையே இல்லையென்றால் யார் எதை இழந்தார்கள் என்று எவருக்குத் தெரியும்? வசதிதானே, பேராசிரியரே?

மேடையில் பொரோனியாப் பூ வைத்தது நான். கடைசி வரிசைவரை மணக்கிறது. லாக்கியரிடம் அறுவை செய்துகொண்டவர்களே, வாசம் வராதவர்கள் எழுந்து நில்லுங்கள்.

அப்பா, நீங்களும்.

பூவைப் பார்க்காதீர்கள், பேராசிரியரே. முகங்களைப் பாருங்கள்.

டாக்டர் மெரின் அவர்களே, உங்கள் கத்தியை நான் பிடிக்க முடியாது. ஆனால் "உச்சியை விட்டுவைப்பீங்களா?" என்று ஒவ்வொரு நோயாளியையும் கேட்கவைப்பேன். லாக்கியர் கேட்டுக் கேட்டே சலிக்கட்டும். இப்போதும் இவருடைய அறை வாசலில் நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் அறைக்குத் திரும்புவதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். கிளம்புகிறேன்.