ரேடியம் ஊசி கழுவினவள்

யுத்த காலத்தில் ஒரு மத்தியானம், பிரேசர் டவுன் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவளின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

"ஊசிக்குக்கூட ஈயப் பெட்டி வெச்சிருக்காங்க, மேரி. எனக்கு ஒண்ணும் குடுக்கல" என்றாள் அவள்.

"புத்துநோய்க்கு வைக்கிற ரேடியம் ஊசிதானே அக்கா? அதோட கதிர் பட்டா கை வெந்துடும், இடுக்கியாலதான் எடுக்கணும்னு சுவத்துல ஒட்டியிருக்காங்களே."

"ஒட்டியிருக்காங்க, இங்கிலீஷ்ல. இருந்த ஒரு இடுக்கியும் உடைஞ்சு வருஷமாச்சு. கையாலதான் கழுவினேன், உடம்புலேர்ந்து திரும்ப இழுத்து எடுக்கிறதுக்குக் கையாலதான் நூல் கோத்தேன்."

"சிஸ்டர்கிட்ட சொல்லலையா?"

"விரல் சிவந்தப்பவே சொன்னேன். சோப்பு ஒத்துக்கலன்னு சொல்லிட்டாங்க. போன மாசம் ஒரு ஊசி காணாமப் போச்சு. சாக்கடை வரைக்கும் தோண்டினாங்க. கடைசியில அழுக்குக் கட்டுத்துணி வாளியிலேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். உடைஞ்சிருக்கான்னு பெரிய டாக்டர் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தார். அதை நீட்டின விரலை அவர் பார்க்கல."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"ரெண்டு விரலை எடுக்கணுமாம். நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க."

பஸ் ஒரு இடத்தில் நின்று கிளம்பியது. மேரி வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்க வேலையை என்னைப் பார்க்கச் சொல்றாங்க அக்கா."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன். அப்போ வீட்டுக்குப் போன்னாங்க. சரி, பார்க்கிறேன்னு சொல்லிட்டேன்."